கழுத்தை ஸ்கேன் செய்யும் மேசையை எடுத்துவிடுங்கள்

பெறுநர்: சிங்கப்பூரில் வார இறுதி மருத்துவ முகாம் நடத்தும் கோயில் நிர்வாகக் குழுக்கள், பள்ளிவாசல் குழுக்கள், இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள், தமிழ் அமைப்புகள், வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குச் செல்லும் தொண்டூழியர்கள்

வணக்கம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று நீங்கள் பார்த்துவந்த வரைக்கும் எங்களுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் கழுத்து அல்ட்ராசவுண்டும் தனியார் பரிசோதனைத் தொகுப்புகளில் ஒரு வரியாக ஏறிவிட்டது. அதைப் பார்த்து, "நம் முகாமிலும் ஒரு மெஷின் வைத்தால் என்ன?" என்ற பேச்சு ஏற்பாட்டுக் குழுக்களில் எழுகிறது. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஐந்து நிமிட வேலை, கூட்டமும் சேரும். ஆசை புரிகிறது. ஹார்மோன் சுரப்பிகளைக் கவனிக்கும் அகச்சுரப்பி நோய்ப் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்கள், தாதியர், மருந்தாளர்கள் சிலர் சேர்ந்து கேட்பது ஒன்றுதான்: கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்யாதீர்கள். அந்த மேசையையும் அந்த ஆளையும் வேறு வேலைக்கு வையுங்கள்.

நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் நூறு பேரின் கழுத்தை நல்ல மெஷினில் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தைராய்டில் கட்டி தென்படும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெறும் கட்டிகள். புற்று என்றே பெயர் வாங்கும் சிறு கட்டிகளிலும் பல, ஆள் வாழ்ந்து முடிக்கும் வரை சும்மா இருப்பவை. ஃபின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்துபோன 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்த ஆய்வு 1985ல் வெளியானது. 36 பேரிடம் பாப்பில்லரி வகை, அதாவது தைராய்டில் ஆகப் பரவலாகக் காணப்படும் வகைப் புற்று இருந்தது. இருந்தது அவர்களுக்கே தெரியாது.

இதை ஒரு நாடே செய்து பார்த்துவிட்டது. தென்கொரியா 1999ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் வந்தவர்களிடம் சிறு கட்டணத்திற்கு மருத்துவமனைகள் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து விற்றன. 2011ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்று, 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அதனால் இறந்தவர் எண்ணிக்கையோ அசையவே இல்லை. அத்தனை புற்றையும் முன்கூட்டியே பிடித்தது உயிரைக் காத்திருந்தால் இறப்பு இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? அறுவை சிகிச்சை செய்துகொண்ட 15,000க்கும் மேற்பட்டோரின் காப்புறுதிக் கோரிக்கைகளைப் பார்த்ததில், 11 விழுக்காட்டினருக்கு, தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்திருந்தன, 2 விழுக்காட்டினருக்குக் குரல்நாண் முடங்கியிருந்தது. கடைசியில் பூனைக்கு மணி கட்டியவர்கள் எட்டு மருத்துவர்கள். 2014 மார்ச்சில் அவர்கள் இந்த ஸ்கேன் வேண்டாம் என்று பொதுமக்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அடுத்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைகள் 35 விழுக்காடு அளவுக்குக் குறைந்தன. அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு 2017ல், அறிகுறி இல்லாத பெரியவர்களிடம் தைராய்டு புற்றைத் தேடிப் பரிசோதிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னது.

முகாமில் ஸ்கேன் செய்தபின் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாக யோசித்துப் பாருங்கள். ஒரு அத்தையின் கழுத்தில் 6 மில்லிமீட்டர் கட்டி என்று தாளில் எழுதிக் கொடுக்கிறீர்கள். அவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். மிகவும் சந்தேகப்படும்படியான தோற்றம் கொண்ட கட்டிக்கே 1 சென்டிமீட்டரைத் தொட்டால்தான் ஊசிப் பரிசோதனை. நடுத்தரச் சந்தேகம் என்றால் 1.5, லேசான சந்தேகம் என்றால் 2.5 சென்டிமீட்டர். வெறும் நீர்க்கட்டிக்கு ஊசியே தேவையில்லை. ஆக அந்த 6 மில்லிமீட்டருக்கு முறைப்படி செய்யவேண்டியது பெரும்பாலும் எதுவுமில்லை. ஆனால் பயந்துபோன குடும்பம் "எதற்கும் ஊசி போட்டுப் பார்த்துவிடலாம்" என்று கேட்கும். ஊசியில் எடுத்த செல்களைப் பார்த்து எப்போதும் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. "தீர்மானிக்க முடியவில்லை" என்று ஒரு பதில் உண்டு. அது வந்தால் மறுபடி ஊசி, அல்லது பாதித் தைராய்டை எடுத்துப் பார்ப்பது. எடுத்த பிறகு தீங்கற்ற கட்டி என்று அறிக்கை வரலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

உண்மையிலேயே 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பில்லரி புற்றாக இருந்தாலும் கத்தி கட்டாயமில்லை. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை 1993 முதல் இத்தகையவர்களை அறுக்காமல் ஸ்கேன் மூலம் கண்காணித்து வருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்ததில் பத்தாண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டர் வளர்ந்தது 8 விழுக்காட்டினருக்கு, கழுத்தின் நிணநீர்க் கணுக்களில் புற்று தென்பட்டது 4 விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கு. புற்றால் இறந்தவர் யாருமில்லை. பெரிதானவர்களுக்கு அப்போது செய்த அறுவையும் போதுமானதாகவே இருந்தது.

ஸ்கேன் தேவைப்படுபவர்கள் உண்டு. கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் கட்டி, சில வாரங்களில் வேகமாகப் பெருத்தது, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பு, விழுங்கும்போது தடை, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று (பரம்பரையாகவும் வரக்கூடியது). இவர்களையும் முகாமில் ஸ்கேன் செய்யாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவருக்கோ கடிதம் கொடுத்து அனுப்புங்கள். பார்க்கவேண்டிய கட்டியை, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் டிஎஸ்எச் பார்க்கும் முகாம்களுக்கும் ஒரு சொல். டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பது அல்ல, மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு சோர்ந்தால் கட்டளை உரத்து ஒலிக்கும், எண் ஏறும். லேசாக ஏறியிருந்தால், அதாவது 10க்கு உட்பட்டு, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனும் சரியாக இருந்தால், அன்றே "உங்களுக்குத் தைராய்டு" என்று முத்திரை குத்தாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்கு அது தானே இறங்கியிருக்கும். வயதாக ஆக டிஎஸ்எச் கொஞ்சம் ஏறுவதும் இயல்பு. 65 வயதைத் தாண்டிய, இப்படி லேசாக ஏறிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்குச் சோர்வோ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. தேவையில்லாத மாத்திரை மூத்தோரின் இதயத்துடிப்பைக் குழப்பும், எலும்பையும் அரிக்கும்.

இன்னொரு பக்கம், டிஎஸ்எச் "நார்மல்" என்று வந்தும் ஆள் தைராய்டு குறைவால் வாடலாம். கோளாறு பிட்யூட்டரியிலேயே இருந்தால் கட்டளை போடும் இடமே பழுது. டி4 தாழ்ந்திருக்கும், டிஎஸ்எச் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்டு, பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாத பெண்கள், பிட்யூட்டரியில் அறுவை அல்லது கதிர்வீச்சு பெற்றவர்கள் இந்த வகை. இவர்களுக்குத் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டால் ஆபத்து. அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசோல் ஹார்மோனும் குறைந்திருக்கக்கூடும் என்பதால் அதைச் சரிசெய்யாமல் தைராய்டை முடுக்கினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைக்கும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர்களைத் தனியாகக் கேளுங்கள். 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று வீரியம் போட்டு விற்கிறார்கள். பல ஆய்வுக்கூடங்களின் சோதனை முறையில் பயோட்டினே ஒரு பாகம். இரத்தத்தில் அது மிதந்தால் டிஎஸ்எச் பொய்யாகத் தாழ்ந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டும். தைராய்டு மிகைச் சுரப்பு இருப்பதுபோலவே தோன்றும். பாராதைராய்டு ஹார்மோனையும் குறைத்துக் காட்டும். இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். முகாம் அழைப்பிலேயே ஒரு வரி போட்டால் போதும்.

இப்போது காலியான மேசைக்கு வருவோம். அதில் உட்காரவேண்டியவர் மருந்தாளர். நம் மக்களிடையே தைராய்டு குறைவுக்கு லிவோதைராக்ஸின் எடுப்பவர்கள் ஏராளம். டிஎஸ்எச் எண் கட்டுக்குள் வராதவர்களில் பலருக்கு நோய் மோசமாவதில்லை, மாத்திரை குடலில் சேருவதில்லை. "மாத்திரையை எப்படி எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருந்தாலே காரணம் வந்து விழும். எழுந்ததும் கோப்பி, அந்தக் கோப்பியோடேயே மாத்திரை. அல்லது பால் தேநீரோடு. அல்லது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சர்க்கரை மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து எல்லாவற்றையும் ஒரே கையளவாக. வாராந்திர மாத்திரைப் பெட்டியில் "காலை" என்ற அறைக்குள் எல்லாமே ஒன்றாக அடைத்திருப்பார்கள். பெட்டி ஒழுங்காக இருக்கிறதே என்று பாராட்டிவிட்டு அனுப்பிவிடுவது நம் வழக்கம்.

சொல்லவேண்டியது இது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், கோப்பியும் சேர்த்துத்தான். கால்சியம், இரும்பு, இவை கலந்த பல்சத்து மாத்திரை எதுவானாலும் நான்கு மணி நேர இடைவெளி. சோயா பானமும் உறிஞ்சுதலைக் குறைக்கும். ஒமெப்ரஸோல் போன்ற அமில மாத்திரை புதிதாகத் தொடங்கினாலும் அளவு மாறக்கூடும். காலையில் கோப்பி இல்லாமல் கண் திறக்காது என்பவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கட்டும், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்களுக்கும் இதே வழி உதவும், அல்லது சஹர் உணவுக்கு அரைமணிக்கு முன். தைப்பூச விரதத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம், தண்ணீரோடு எடுப்பதால் விரதம் கெடாது என்று கோயில் பெரியவர் ஒருவரே சொன்னால் எடுபடும். நாங்கள் சொல்வதைவிட நிச்சயம் எடுபடும்.

இந்த மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் உண்மை பேசும். இரண்டு வாரத்தில் பார்த்துவிட்டு மறுபடி மாற்றுவது குழப்பத்தில் முடியும். அதே காரணத்தால் ஒரு நாள் மறந்துபோனாலும் பதற வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: டி4 நன்றாக இருக்கிறது, சற்று உயர்ந்தும் இருக்கிறது, ஆனால் டிஎஸ்எச் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றால், பல வாரம் விட்டுவிட்டு, மருத்துவரைப் பார்க்கப் போகிறோமே என்று கடைசி சில நாள் மட்டும் சரியாக எடுத்திருக்கிறார் என்பதே பெரும்பாலும் விடை. திட்டாமல் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். டி4 பார்க்கும் நாளில் இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை எடுப்பது நல்லது. எடுத்த சில மணி நேரத்துக்கு டி4 சற்று உயர்ந்தே நிற்கும்.

ஊரிலிருந்து மருந்து வாங்கிவருவது இன்னொரு பெரிய விவகாரம். சென்னையில் மலிவு, அதனால் ஆறு மாதத்துக்கு வாங்கிவந்து அடுக்கிவிடுவார்கள். தவறு என்று சொல்லவரவில்லை. ஆனால் இங்கே எல்ட்ராக்ஸின் எடுத்தவர் அங்கே வாங்கிய, அதே மருந்தின் வேறு வணிகப் பெயரான தைரோநார்முக்கு மாறினால், அளவு அதேயானாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். அட்டையில் 0.1 மில்லிகிராம் என்றிருப்பதும் 100 மைக்ரோகிராம் என்றிருப்பதும் ஒன்றே. இதைக் குழப்பி இரட்டிப்பாக எடுத்தவர்களும் உண்டு, பாதியாகக் குறைத்தவர்களும் உண்டு. இங்குள்ள ஈரப்பதத்தில், சமையலறை அடுப்புக்கு மேலுள்ள அலமாரி இந்த மாத்திரைக்கு ஏற்ற இடமே இல்லை. படுக்கையறை மேசை போதும். முட்டைக்கோஸ் சாப்பிடக்கூடாது என்ற வாட்ஸ்அப் செய்திக்கு நேரத்தை வீணாக்காதீர்கள், சமைத்துச் சாப்பிடும் அளவில் அது ஒன்றும் செய்யாது. இளஞ்சிவப்பு இமயமலை உப்புக்கு மாறிய வீடுகளில் மட்டும், அதில் அயோடின் அநேகமாக இல்லை என்பதைச் சொல்லுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீடாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

கர்ப்பம் என்றதும் நினைவுக்கு வரவேண்டியது: ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்ணுக்குக் கரு நின்றது தெரிந்த அன்றே தேவை கூடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கால் பங்குக்குச் சற்று அதிகம் வேண்டும். வாரத்துக்கு ஏழு மாத்திரை எடுத்தவர் ஒன்பதாக்குவது வழக்கமான முறை. இதைக் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொண்டால், முதல் சந்திப்புக்குக் காத்திருந்து வாரங்களை இழக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் ஹார்மோனை நம்பியே வளர்கிறது. கர்ப்பகாலச் சத்து மாத்திரையில் இரும்பும் கால்சியமும் இருக்கும், அந்த நான்கு மணி நேர விதி இங்கேதான் அதிகம் மீறப்படுகிறது.

தைராய்டு மிகையாகச் சுரப்பதற்குக் கார்பிமஸோல் எடுப்பவர்கள் மேசைக்கு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் என்ன செய்வீர்கள்?" "பனடோல் போட்டுக்கொள்வேன்" என்று பதில் வந்தால் அது அபாயச் சங்கு. ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், இந்த மருந்து வெள்ளணுக்களை ஒட்டுமொத்தமாக வீழ்த்தும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் அவசரசிகிச்சைப் பிரிவு. கர்ப்பம் தரிக்க நினைப்பவர் இந்த மாத்திரையில் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்கட்டும். முதல் மூன்று மாதத்துக்கு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். கண் பிதுங்கத் தொடங்கியவர் புகைப்பவராக இருந்தால், அந்தக் கண்ணுக்கு அவரே செய்துகொள்ளக்கூடிய ஆகப் பெரிய உதவி சிகரெட்டை விடுவது.

தங்குவிடுதிக்குப் போகும் தொண்டூழியர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட ஆண். முந்திய நாள் கடும் உடலுழைப்பு, இரவு வயிறு முட்டச் சோறு, உறக்கம். விடிகாலையில் எழப் பார்த்தால் கால் இரண்டும் அசையவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, உணர்ச்சியும் இருக்கிறது, தசை மட்டும் கேட்கவில்லை. தைராய்டு மிகைச் சுரப்பு ஆசிய ஆண்களிடம் இப்படி வருவதுண்டு. இரத்தத்திலுள்ள பொட்டாசியம் சட்டென்று தசைச் செல்களுக்குள் புகுந்துவிடுவதால் வருவது. "நடிக்கிறான்", "வேலைக்குப் போகச் சோம்பல்" என்று தள்ளிவிடுவார்கள். 995ஐ அழையுங்கள், இதயத் துடிப்பும் தடுமாறக்கூடும். சர்க்கரை அளவு இறங்கியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டால், பரிதாபப்பட்டு மைலோவோ குளுக்கோஸ் தண்ணீரோ கொடுக்காதீர்கள். இனிப்பு இன்சுலினைத் தூண்டி மிச்சப் பொட்டாசியத்தையும் உள்ளே தள்ளும். பொட்டாசியத்தை ஏற்றுவதும் மருத்துவமனை வேலை. அது உடலைவிட்டுப் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அளவுக்கு மீறி ஏற்றினால் திரும்பி வரும்போது எதிர்த்திசையில் அபாயம். குணமானபின் நடுக்கம், எடைக் குறைவு, படபடப்பு இருந்ததா என்று கேளுங்கள், டிஎஸ்எச் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தைராய்டு அடங்கினால் முடக்கம் திரும்ப வருவதில்லை.

பாராதைராய்டுக்கு வருவோம். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள். பெயரில் ஒட்டு இருப்பதைத் தவிர தைராய்டோடு இவற்றுக்குத் தொழில் உறவு இல்லை. இவை பார்ப்பது கால்சியத்தை. நான்கில் ஒன்று தீங்கற்ற கட்டியாகி, தன் பாட்டுக்குச் சுரந்துகொண்டேயிருந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து இரத்தத்தில் ஏறும், சிறுநீரகத்தில் கல்லாகும். ஆண்டுக்கணக்கில் இதை "வயசாச்சு, அதான் அசதி", "மலச்சிக்கல்", "மறதி" என்று கடந்துவிடுகிறோம். எல்லாருக்கும் கால்சியம் பார்க்கச் சொல்லவில்லை. சிறுநீரகக் கல் வந்தவர், லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர், எலும்பு மெலிவு உள்ளவர், லித்தியம் எடுப்பவர், காரணம் தெரியாத மலச்சிக்கலோடு தாகமும் அதிகச் சிறுநீரும் உள்ளவர். இவர்களுக்குக் குடும்ப மருத்துவரிடம் கால்சியம் பார்க்கக் கடிதம் கொடுங்கள். மூத்தோருக்குக் கால்சியம் மாத்திரைப் புட்டியை அன்பளிப்பாகக் கொடுக்கும் முகாம்கள், கொடுக்கும் முன் குறைந்தபட்சம் கல் வந்ததுண்டா என்றாவது கேளுங்கள்.

கால்சியம் அறிக்கையைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. இரத்தத்தில் பாதிக் கால்சியம் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெலிந்த மூத்தோருக்கு அல்புமின் குறைவு, கால்சியமும் குறைத்தே காட்டும். அல்புமின் லிட்டருக்கு 40 கிராமுக்குக் கீழே எத்தனை குறைகிறதோ அதை 0.02ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். அல்புமின் 30, கால்சியம் 2.50 மில்லிமோல் என்று வந்தால் உண்மை 2.70. முதல் எண் "சாதாரணம்", இரண்டாவது எண் மேல் எல்லையைத் தாண்டியது. கைப்பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்து எடுத்த இரத்தம் எதிர்மாறாக ஏற்றிக் காட்டும். உயர்ந்தது உறுதியானால் அடுத்தது பாராதைராய்டு ஹார்மோன். கால்சியம் ஏறும்போது அது அடங்கியிருக்க வேண்டும். அடங்காமல் நடுவிலோ உயரவோ நின்றால் கோளாறு அந்தச் சுரப்பியில். அதன்பின் 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம் பார்க்காமல் அறுவைக்குப் போகக்கூடாது. பரம்பரையாகக் கால்சியம் சற்று உயர்ந்தே இருக்கும் குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குக் கத்தியே தேவையில்லை. இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் தையஸைடு வகை மாத்திரையும் கால்சியத்தை ஏற்றும்.

முழுத் தைராய்டையும் எடுத்துக்கொண்டு அண்மையில் வீடு திரும்பியவர் முகாமுக்கு வந்தால், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போய்க் குறுகுறுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கையும் காலும் இழுத்துக்கொண்டால் கால்சியம் சரிந்துவிட்டது. இது பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் மூன்று நாளுக்குள் வரும், ஆனால் கொடுத்த கால்சியம் மாத்திரையை "வயிறு மந்தம்" என்று தானே நிறுத்தியவர்களுக்கு அதற்குப் பிறகும் வரலாம். நேரே அவசரசிகிச்சைப் பிரிவு.

பிட்யூட்டரிக் கட்டிகளுக்கு முகாமில் செய்யக்கூடிய பரிசோதனை எதுவும் கிடையாது. தலையை எம்ஆர்ஐ எடுத்தால் பத்தில் ஒருவருக்குச் சிறு புள்ளி தென்படும், அது வேறு தலைவலி. கேள்விதான் கருவி. மோதிரம் கழற்ற முடியாமல் இறுகிவிட்டதா, காலணி அளவு பெரியவரான பிறகு ஏறியதா? பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிகிறதா, மாதவிடாய் நின்றுவிட்டதா? நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கிறதா, பக்கவாட்டில் வருபவர் தெரிவதில்லையா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் கடிதம் கொடுக்க வேண்டும். பால் கசிவுக்குக் கட்டிதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வாந்திக்கு எடுக்கும் டோம்பெரிடோன், மெட்டோக்ளோபிரமைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் ஆகியவை, பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றும். கவனிக்காமல் விட்ட தைராய்டு குறைவும் ஏற்றும், பிட்யூட்டரியையே வீங்கச் செய்து கட்டிபோலக் காட்டவும் செய்யும். தைராய்டு மாத்திரை கொடுத்ததும் அந்த வீக்கம் வடிந்துவிடும். எம்ஆர்ஐக்கு முன் டிஎஸ்எச் பார்க்கச் சொல்வது இதனால்தான். உண்மையான புரோலாக்டின் கட்டியாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படாது, வாரத்துக்கு இரண்டு தடவை எடுக்கும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும். திடீரென்று இடிபோன்ற தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை என்று எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும் எதையும் யோசிக்காமல் 995.

கடைசியாக, மூட்டுவலிக்கு ஊரிலிருந்தோ எல்லைக்கு அப்பாலிருந்தோ வாங்கிவரும் "மூலிகை" உருண்டைகள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும் பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்தது, பசி எடுத்தது, முகம் உருண்டது என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் "உடனே தூக்கிப் போடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாரக்கணக்கில் எடுத்தவருக்குப் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்தியிருக்கும், அட்ரினல் தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், அழுத்தச் சரிவு. உருண்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொடுத்தனுப்பும் கடிதத்தில் "தைராய்டு பிரச்சினை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். மருந்தின் பெயர், மைக்ரோகிராம் அளவு, எந்த நாட்டில் வாங்கியது, இரத்தம் எடுத்த நேரம், அன்று மாத்திரை எடுத்தாரா, பயோட்டின் உண்டா, கர்ப்பமா, பழைய அறிக்கை எங்கே இருக்கிறது. இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், ஆங்கிலம் மருத்துவருக்கு, தமிழ் எடுத்துச் செல்பவருக்கு.

இப்படிக்கு,
அகச்சுரப்பி நோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் தமிழ் பேசும் மருத்துவர்கள், தாதியர், மருந்தாளர்கள் சிலர்
சிங்கப்பூர்